கேத்தல் அணியின் ஒரே முகவர்

சட்டத்தரணி மகேந்திரராசா கண்டியில் கேத்தல் சின்னத்தில் சுயேச்சையாகப் போட்டியிட்டபோது, தொண்டர் கூட்டத்துக்கு நூற்றைம்பது கதிரை வாடகைக்கு எடுத்தார். வந்தவர் திருச்செல்வம் ஒருவர்தான். அதற்காக வேட்பாளர் பேச்சைச் சுருக்கவில்லை. "மாபெரும் மக்கள் திரளே" என்று தொடங்கி, சட்டத்தின் மேன்மை பற்றி முக்கால் மணித்தியாலம் திருச்செல்வத்துக்குப் பேசினார்.

திருச்செல்வம் இளைப்பாறிய களஞ்சியப் பொறுப்பாளர். குடியிருப்பது கட்டுகஸ்தோட்டையில், அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கே பருத்தித்துறை. அது தொண்ணூற்று நான்காம் ஆண்டு, யுத்தகாலம். கண்டிக்கும் வீட்டுக்கும் நடுவே மகாவலிப் பாலம், பாலத்தடியில் சோதனைச்சாவடி. ஒவ்வொரு முறையும் அவரை பஸ்ஸிலிருந்து இறக்கி, நேற்றுக் கேட்டதையே கேட்டு, பஸ் போன பிறகு விடுவார்கள். அறுபத்திரண்டு வயதில் மிச்சத் தூரம் நடை.

கேத்தல் சின்னத்தின் கொள்கை என்னவென்று அவர் விசாரிக்கவில்லை. அரசாங்க ஊழியர்கள் தேர்தலுக்கு இரண்டு கிழமை முந்தியே தங்கள் கந்தோரில் தபால் வாக்கைப் போடுவார்கள். அதைப் பார்வையிடும் முகவருக்கு அரசாங்க முத்திரை குத்திய கடிதம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். அது போதும்.

தபால் வாக்களிப்பு நாளன்று காலை, கண்டியிலிருந்த ஒரு கந்தோருக்குப் பொறுப்பான றலியா மிஸ் அவருடைய முகவர் கடிதத்தை வாங்கிக் கோப்புக்குள் வைத்தார்.

"எல்லாம் முடிஞ்சதும் சீல் வெச்சுத் தாரன்."

முப்பத்தொரு வாக்காளர்கள். ஐந்து பேர் போட்டதும் எதிர்க்கட்சி முகவர் பாரூக் எழுந்தார். நகரில் இரும்புக் கடை வைத்திருப்பவர்.

"மிஸ், ஆட்சேபம். அந்த மேசைக்கு மேல கேத்தல் ஈக்கி. வாக்குப் போடுற எடத்துல சின்னம் வைக்கேலா."

"அது பிளேன்டி ஊத்துற கேத்தல், பாரூக்."

"சட்டத்துல பிளேன்டிக்கு விதிவிலக்கு ஈக்கா?"

றலியா மிஸ் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை. கேத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பத்து மணிக்கு தேநீர் கேட்ட ஊழியர்களுக்கு, கேத்தல் கட்சியால்தான் இன்று தேநீர் இல்லை என்று விளக்கம் சொல்லப்பட்டது. வரிசையில் நின்ற எல்லாரும் திருச்செல்வத்தைப் பார்த்தார்கள். அணிக்கு விழ இருந்த இரண்டொரு வாக்கும் அப்போதே போய்விட்டது.

"ஐயா, கோவிச்சுக்கொள்ள வாணாம்" என்றார் பாரூக். "எனக்கும்தான் டீ இல்ல."

பதினொரு மணிக்கு வேட்பாளர் வந்தார். கழுத்தில் டை, அதற்கு மேல் தானே வாங்கிய மாலை. அலுமாரிக்குள் கேத்தல் சிறைப்பட்ட செய்தி வாசலிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது.

"பூட்டப்பட்டது கேத்தல் அல்ல! இந்த மண்ணின் மனச்சாட்சி! வாக்காளப் பெருமக்களே..."

றலியா மிஸ் பேனையை மூடினார். "வாக்களிப்பு நடக்கிற எடத்துல பிரசாரம். யாராச்சும் எழுத்துல முறைப்பாடு தந்தா இவர மட்டும் வெளியேத்துவன். தராட்டி, அணி முழுக்கச் சேர்ந்து செஞ்சதா எடுத்து, இவர்ர முகவரயும் சேர்த்து அனுப்பணும். கடிதமும் ரத்து."

பாரூக் கூரையைப் பார்த்தார். எதிரி பேசப் பேசத் தன் கட்சிக்கு லாபம் என்பது அவருக்குத் தெரியும்.

திருச்செல்வம் தன் கடிதம் கிடந்த கோப்பைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"முறைப்பாடு நான் தாறன், மிஸ்."

வேட்பாளர் பேச்சை நிறுத்தினார். "திருச்செல்வம்! நீர் என்ர ஆளெல்லோ?"

"ஓம் ஐயா. அதாலதான் நீங்கள் சொன்ன மாதிரி சட்டப்படி செய்யிறன்."

நான்கு வரியில் எழுதிக் கையெழுத்து வைத்தார். பேனை கொடுத்தவர் பாரூக். சிரிப்பை அடக்கியதில் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மகேந்திரராசா படம்பிடிப்பவர் யாரும் நிற்கிறாரா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையைச் சரிசெய்துகொண்டு வெளியேறினார்.

ஒன்றரைக்கு எல்லாம் முடிந்தது. றலியா மிஸ் கடிதத்தில் முத்திரையை அழுத்திக் குத்தினார்.

"இன்டைக்கு மட்டும்தான் செல்லும், சரியா?"

பாலத்தடியில் பஸ் நின்றது. ஏறிய ஆமிக்காரர் அடையாள அட்டையைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார்.

"ஹரி மாத்தயா" என்றார், சிங்களத்தில் "சரி ஐயா" என்று.

அவ்வளவுதான். பஸ் புறப்பட்டது, திருச்செல்வத்தோடு. யன்னலோரத்தில் இருந்தபடி ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் செம்மண் நிறத்தில் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் வரிசையில் நின்று முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்த்திருந்தார்.

கட்டுகஸ்தோட்டையில் இறங்கினார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தெருவைக் கடந்து, கண்டிக்குத் திரும்ப நின்ற அதே பஸ்ஸில் ஏறி, அதே யன்னலோரத்தில் இருந்தார்.

"ஐயா இப்பதானே வந்தீங்க?" என்றார் கொண்டக்டர்.

"ஓம் தம்பி" என்று சில்லறையை நீட்டினார் திருச்செல்வம். "இண்டைக்குப் பொழுதுபடும் வரைக்கும் வேலை கிடக்கு."