கல்லுக்குப் பூக்கட்டிய நாள்

கடல் இப்போதெல்லாம் வைஜெயந்தியின் தூக்கத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. அடுப்படிவரை தண்ணீர் நிற்கும். அதில் சட்டி, முறம், பிள்ளைகளின் பழைய செருப்பு எல்லாம் மெல்ல மிதக்கும். கனவில் பயமே இருக்காது. விழித்து, கால் தரையைத் தொடும்போதுதான் பயம் வரும்.

பாகூர்ப் பக்கத்துக் கடற்கரையில் அவளுடைய குப்பம். அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது கங்கையம்மன் கோயிலுக்கு முன்னால் வலை காயப்போட நூறடி மணல் இருந்தது. இன்று அலை கோயில் படியைத் தொட்டுவிட்டுப் போகிறது. புயல் மாதம் பார்த்து வருவதில்லை என்றும், சூட்டில் மீன் ஆழத்துக்குப் போய்விட்டது என்றும் ஆண்கள் பேசிக்கொள்கிறார்கள். கரையில் கருங்கல் கொட்டித் தர அதிகாரிகள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஊர் சம்மதம் எழுதித் தரவேண்டும், அவ்வளவுதான்.

கல் கொட்டினால் கோயில் நிற்கும். ஆனால் இங்கே தடுத்த கடல் வடக்கே போய் அரிக்கும். தெற்கே ஒரு குப்பத்தில் கல் கொட்டிய பிறகுதான் இந்த ஊர் மணல் கரையத் தொடங்கியது. அது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. வடக்குக் குப்பத்தில் கடலோர முதல் வரிசையில் வைஜெயந்தியின் தங்கை வள்ளிநாயகியின் வீடு. அக்காவும் தங்கையும் வில்லியனூர் சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்பவர்கள். போன ஐப்பசியில் வாசற்படி போய்விட்டதைத் தங்கை ஒரு சங்கரா மீனுக்குச் செதில் எடுத்தபடியே சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்பை வைஜெயந்தியால் மறக்க முடியவில்லை.

ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. தலைவர் நாகமுத்து, தாயிடமே கேட்டுவிடலாம் என்றார். ஒரே அளவு இலைத்துண்டுகளில் ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி வைத்துக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். குழந்தை ஒன்று எடுக்கும். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கடலில் விட்டுவிடுவது வழக்கம். பூக்கட்டுவது வைஜெயந்தியின் வீட்டுப் பொறுப்பு. மாமியாருக்குப் பிறகு அவள்.

வெள்ளிக்கிழமை காலை, தனியாக உட்கார்ந்து சிவப்பை மடித்தாள். வெள்ளையை எடுத்தாள். சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு அதை மடியில் போட்டுக்கொண்டு, இன்னொரு சிவப்பை மடித்தாள். அம்மனும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். உடனே அது பொய் என்று தோன்றியது. அம்மன் என்ன சொல்வாள் என்று தெரியாததால்தான் அவள் கை அப்படிச் செய்தது.

பூசாரி வேணுவின் பேத்தி அர்ச்சனா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு.

அலைச் சத்தம் கோயிலுக்குள் வந்துபோனது. "அம்மாவுக்கே வூடு வேணாமாம். நமக்கு இன்னாத்துக்குப் பட்டா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிலர் சிரித்தார்கள். நாகமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிடிவாதக்கார மகளிடம் பேசுவதுபோல், "சரி தாயே, தண்ணியிலதான் நிப்பேன்னா நின்னுக்க," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்தக் கீழ்ப்படிதலை வைஜெயந்தியால் தாங்க முடியவில்லை. அது அம்மனுக்கு உரியது. தன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. வேணு மற்றப் பொட்டலத்தோடு கடலை நோக்கி இறங்கினார். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"அதப் பிரிங்க மாமா."

"பிரிக்கக் கூடாதுடி. இன்னா பேசற நீ?"

அவளே வாங்கிப் பிரித்தாள். உள்ளே சிவப்பு.

"அம்மா ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

நாகமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "தங்கச்சி வூட்டுக்காக சாமிய ஏமாத்துனியா?"

"அவ வூட்டுக்காகத்தான் மாமா. அவ இல்லன்னாலும் அங்க யாருக்காச்சும் தங்கச்சி இருப்பா." அவள் சிவப்புப் பூவை அவர் பக்கம் நீட்டினாள். "நம்ம வாசல்ல வர்ற கடல அடுத்தவ வாசல்ல தள்ளி வுடறதுக்கு உத்தரவு கேக்கறோம். தப்புன்னு நமக்கே தெரியாதா? அத அம்மா வாயால வேற சொல்லணுமா?"

இனி அவள் வீடு பூக்கட்ட வேண்டாம் என்றார் நாகமுத்து. அவள் தலையசைத்தாள். அது நியாயம் என்றே பட்டது. ஆனாலும் நெஞ்சில் ஏதோ பெயர்ந்து விழுந்தது.

வேறு யாராவது ஒழுங்காகக் கட்டட்டும் என்று வேணு வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பூவை இலையில் வைத்து நீட்டினார். பக்கத்தில் நின்ற சிந்தாமணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "என் கைக்கு வேணாம்பா. என் பொண்ணயும் அங்கதான் குடுத்திருக்குது." அடுத்தவளும் வாங்கவில்லை. அதற்கடுத்தவள் பார்வையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இலை ஒவ்வொருவர் முன்பும் நீண்டு, கடைசியில் வேணுவின் கையிலேயே நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நாகமுத்து அதிகாரிகளுக்கு எழுதிவைத்திருந்த சம்மதக் கடிதத்தை நான்காக மடித்தார். கிழிக்கவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வடக்குக் குப்பத்துப் பஞ்சாயத்தாரையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஊரும் தாங்கும்படி வேறு வழி உண்டா என்று கேட்கப் போவதாகச் சொன்னார். இல்லாவிட்டால் அம்மனை உள்ளே, மேட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றியும் பேசவேண்டும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

பிறகு வைஜெயந்தியைப் பார்க்காமலே சொன்னார்: "நீயும் வா. மொதல்ல உந்தங்கச்சி வூட்டப் பாக்கணும்."

வடக்கே போகக் கரையில் மணல் மிச்சமில்லை. பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள், ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். எல்லாரும் முழங்கால் தண்ணீரில் மெதுவாக நடந்தார்கள்.