சஹனைச் சுற்றி ஒரு வெளிநாட்டுக் கொள்கை

மீராசாஹிப் ஆளுங்கட்சியின் கற்பிட்டிக் கமிட்டிக்குத் தலைவராக இருந்த காலத்தில், அமைச்சர் வருகிறார் என்றால் பாய் விரித்துச் சஹன் வைப்பார்கள். பெரிய தட்டு நிறைய நெய்ச்சோறு, சுற்றிவர ஆறு பேர். கூட இருப்பவர் முடிக்கும் முன் எழும்புவது மரியாதையில்லை. கொழும்பிலிருந்து எந்தக் கொம்பன் வந்தாலும் வலைக்காரனுக்கும் கருவாட்டு வியாபாரிக்கும் நடுவில்தான் இடம்.

"மேடைல கேட்டா பேச்சு வரும், சஹன்ல கேட்டா பதில் வரும்" என்பார் மீராசாஹிப். எல்லை தாண்டிப் பிடிபட்ட மீனவர்களைப் பற்றி ஒரு வெளிவிவகார அமைச்சரை அப்படி உட்காரவைத்துக் குடைந்ததில், மனிதர் கடைசி இனிப்பான வட்டிலாப்பம் வரும் முன்பே தூதரகத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

இதையெல்லாம் திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டவள் அவருடைய மனைவி நிஸ்மியா. சிரிப்பை அடக்கமாட்டாமல் புரையேறிய நாட்கள் உண்டு. அவர் மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு கட்சி அவளையே தலைவியாக்கியது. பெண்களுக்கும் இடம் கொடுத்தோம் என்று காட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது, வேறென்ன? அதற்குப் பிறகு பாய் போய் மேசை வந்தது. அமைச்சர்மார் வந்தார்கள், மாலை வாங்கினார்கள், செல்ஃபி எடுத்தார்கள், போனார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பழைய சத்தத்துக்காக நிஸ்மியாவின் காது ஏங்கிக் கிடந்தது.

இந்த முறை வந்தவர் வெளிவிவகாரப் பிரதியமைச்சர் தர்சிகா. சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்து புத்தளத்தில் படித்து ஆளானவர். அயல்நாட்டு இழுவைப் படகுகளுக்கு நம் கடலில் மீன்பிடிக்க அனுமதி கொடுக்கும் ஒப்பந்தம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. மீனவர் ஊர்க் கமிட்டியே சம்மதித்துவிட்டது என்று சொல்ல அரசாங்கத்துக்கு ஒரு தீர்மானம் வேண்டும். கமிட்டிச் செயலாளர் ஸப்ராஸ் காலையிலேயே நிஸ்மியாவிடம் வந்து நின்றான்.

"கைய உசத்துங்க மாமி, அது போதும். மாட்டம் எண்டா கமிட்டியக் கலைச்சிருவாங்க. மாமா கட்டின கமிட்டி."

அங்கேதான் அவளுக்கு வலித்தது. அவர் போன பிறகும் அவருடைய மூச்சு மிச்சமிருந்தது அந்தக் கமிட்டியில்தான் என்று அவள் நம்பியிருந்தாள்.

ஸப்ராஸ் மண்டபத்தில் மேசையெல்லாம் அடுக்கிவைத்திருந்தான். நிஸ்மியா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. தர்சிகா காரை விட்டு இறங்கியதும் கையைப் பிடித்து, "பொம்புளையளுக்கு உள்ளுக்கு, மேடம்" என்று தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் பாயில் இருத்தினாள். நடுவில் சஹன், சுற்றிவர மீனவர் வீட்டுப் பெண்கள். ஸப்ராஸால் உள்ளே வர முடியுமா? திரைக்கு வெளியே நின்றான். ஒட்டுக் கேட்பது இப்போது அவன் முறை.

"மாடில்ல, கோழிதான் மகள், பயமில்லாம சாப்புடுங்க." மேடம் மகளாகிவிட்டதைத் தர்சிகாவும் கவனித்துச் சிரித்தார்.

அந்தப் பெண்களில் ஹஃபீலா சுற்றிவளைக்காதவள். அவளுடைய புருஷன் கடலுக்குப் போகிறவன். "அந்தப் படகு ஒருக்கா இழுத்தா, கடலே வழிச்செடுத்த சட்டிதான். பொறகு எங்கட ஆக்கள் எத்தப் புடிக்கிற?"

"அது வந்து... இரண்டு நாட்டு உறவு..." என்று தொடங்கிய தர்சிகா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழும்பப் பார்த்தார்.

"இருங்க மகள். ஹஃபீலா இன்னும் முடிக்கல்ல."

ஹஃபீலா பருக்கை பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பகிடி விளங்கியபோது தர்சிகாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முகம் மாறியது.

"உண்மையைச் சொல்லுறன் அம்மா. எனக்கும் இதில விருப்பமில்லை. ஆனா நீங்கள் மாட்டம் எண்டா மேலிடம் உங்கட கமிட்டியைக் கலைச்சுப்போடும். என்னால தடுக்கேலாது."

எல்லோரும் நிஸ்மியாவைப் பார்த்தார்கள். அவளுக்கு மீராசாஹிபின் உரத்த குரல் நினைவில் வந்தது, கண் நிறைந்தது. இத்தனை வருடம் பொத்திவைத்த கமிட்டியை ஒரு வாய்ச்சோற்றோடு கைவிட வேண்டுமா என்று நினைத்தாள்.

"கலைக்கட்டும் மகள்," என்றாள். "கற்பிட்டிக் கமிட்டி மாட்டம் எண்டு செல்லிச்சி. அப்பிடியே போய்ச் செல்லுங்க."

தர்சிகா மிச்சச் சோற்றைப் பிசைந்தார். "சொல்லுறன் அம்மா," என்றார்.

சொன்னாராம். கற்பிட்டி மறுத்துவிட்டது என்ற பேச்சில் ஒப்பந்தக் கையெழுத்துத் தள்ளிப்போனது. கமிட்டியைக் கலைத்த செய்தியும் பின்னாலேயே வந்தது. பெயர்ப்பலகையைக் கழற்ற வந்த ஸப்ராஸின் கண் கலங்கியிருந்தது.

"மாமாட கமிட்டி பெய்த்தே மாமி."

"அழாத மகன்," என்றாள் நிஸ்மியா, தானும் அழுதுகொண்டே. "அவர் மௌத்தான பொறகு சஹன்ல ஒரு கூட்டமாச்சும் நடந்திச்சே."