ஃபோல்டர் காலி என்றது

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அண்ணியிடமிருந்து. ஒரு பரிசோதனைக்கூடத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அவர். சதைத் துணுக்கைப் பரிசோதித்து எழுதும் ரிப்போர்ட்டுகள் அதில் ஏறும். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பாஸ்வேர்டைப் போட்டு, தன் ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும். துணி மடித்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "எழுதணும்னா எழுது. ஆனா என்னை நல்லவளாக்காத" என்றார்.

'மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில் தொலைபேசி...' என்று ஆரம்பித்தேன்.

[மழை இல்லை. தொலைபேசி மட்டும் உண்மை.]

2.

கூப்பிட்டது ஒரு சிறிய மருத்துவமனையின் நர்ஸ். பேருந்து ஓட்டுநர் ஒருவரின் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த சதைக்கு ரிப்போர்ட் வரவில்லை. லாகின் ஆகிறது, ஆனால் ஃபோல்டர் காலி என்றார். அண்ணி தன் லாகினில் திறந்தார். ரிப்போர்ட் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. இங்கே இருக்கிறது, கோளாறு உங்கள் பக்கம்தான் என்று சொல்லி வைத்துவிட்டார். நர்ஸ் மறுபடி கூப்பிட்டார். அதே பதில். மருத்துவமனையில் ஓட்டுநரிடம், ரிப்போர்ட் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். அவர் வண்டி ஓட்டப் போய்விட்டார்.

[அடிக்குறிப்பாக வர வேண்டியது: ஒருவர் ரிப்போர்ட்டை இன்னொருவர் பார்க்கக் கூடாதென்று சர்வருக்குக் கட்டுப்பாடு போட்டவர் அண்ணிதான். நல்ல காரியம். அதில் இந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் அனுமதியும் சேர்ந்து பறிபோய்விட்டது. ஃபைலின் பெயரைச் சரியாகச் சொன்னால் எடுத்துக் கொடுக்கும். என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று காட்டும். அனுமதி இல்லை என்று சொல்லித் தொலைத்திருந்தாலாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும்.]

3.

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. விவரம் தெரிந்தவர், ஒரு தடவைகூடவா அவர்கள் லாகினில் நுழைந்து பார்க்கவில்லை? கேட்டே விட்டேன்.

"என் கண்ணுக்குத் தெரியுதே, அப்புறம் என்னன்னு இருந்துட்டேன்."

கொஞ்சம் கனமான காரணமாகத் தேடினேன். வேலைப்பளு, ஆள் பற்றாக்குறை, மேலாளரின்...

[வேண்டாம்.]

4.

வாரங்கள் ஓடின. ஒருநாள் ஓட்டுநரின் மனைவி நேராகப் பரிசோதனைக்கூடத்துக்கே வந்துவிட்டார். கணவருக்கு எச்சில்கூட விழுங்க முடியவில்லை என்றார். அவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, முதன்முறையாக அண்ணி அந்த மருத்துவமனையின் லாகினில் நுழைந்தார். காலி. ஃபைலின் பெயரைத் தட்டினார். வந்து இறங்கியது. புற்று.

'அண்ணியின் கண்கள் குளமாக...' என்று எழுதியிருந்தேன். படித்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் அழல தம்பி. பர்மிஷனைச் சரி பண்ணிட்டு, திரும்ப அவங்க லாகின்லயே பாத்தேன். அப்புறம் நர்ஸைக் கூப்பிட்டேன்."

சிகிச்சை தொடங்கியது. பலிக்கவில்லை, ஓட்டுநர் இறந்துபோனார். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை டாக்டர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

5.

காரியமெல்லாம் முடிந்தபின், அந்த அம்மாள் அண்ணியைக் கூப்பிட்டு நன்றி சொல்லியிருக்கிறார். "நீங்க மட்டும் தேடிக் குடுக்கலன்னா, என்ன நோவுன்னே தெரியாம போயிருப்பாரு."

இதற்கு இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் அண்ணி, பரவாயில்லம்மா என்று போனை வைத்துவிடுகிறார். மற்றதில் உண்மையைச் சொல்கிறார், மனபாரம் இறங்குகிறது.

அண்ணி இரண்டையும் படித்தார். நடந்ததே வேறு. நிர்வாகம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியும், அந்த அம்மாளின் வீட்டுக்கே போய், இது என்னால் வந்தது என்று சொல்லியிருக்கிறார்.

"பாரமெல்லாம் இறங்கல," என்றார். "ரெண்டு முடிவுலயும் எனக்கு என்ன ஆச்சுன்னுதான் எழுதியிருக்க. அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு நீ கேக்கவே இல்லையே."

கேட்டேன். சொன்னார். எழுதினேன். [அடித்துவிட்டேன். எந்த வாக்கியத்தில் வைத்தாலும் அது என்னுடைய சாமர்த்தியமாகத் தெரிந்தது.]

அதனால் அந்த அம்மாளின் இடம் உங்களுக்கு. நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பின்னால் கொடியில் உங்கள் கணவருடைய சீருடைச் சட்டை, இன்னும் எடுக்கவில்லை. வாசலில் என் அண்ணி. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கும்வரை அவர் அங்கிருந்து நகர மாட்டார்.