குறையாத தண்ணீர்

மூன்று நாளாக அந்த டாக்சி அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் செய்தால் போதும், டாஷ்போர்டுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து வாய் கொப்பளிப்பதுபோல களக் களக்கென்று ஒரு சத்தம். ரேடியேட்டர் வேலையென்றால் ஊரே தேடி வருவது அவள் பட்டறையைத்தான். பெயரே ‘டாக்டரம்மா’. அந்த டாக்டரம்மாவுக்குச் சொந்தப் புருஷன் ஓட்டும் வண்டியின் வியாதி பிடிபடவில்லை. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வேறு, “என்னம்மா, வீட்டு வண்டிக்கு மட்டும் மருந்து இல்லையா?” என்று சிரித்துவிட்டுப் போனார். மானம் கப்பலேறிவிட்டது.

சத்தத்துக்கு அர்த்தம் தெரியாதவளா அவள்? குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. தண்ணீர் குறைந்தால்தானே காற்று புகும்? ஆனால் தண்ணீர்தான் குறையவே இல்லையே! எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் நிற்கும் கூலண்ட் டப்பாவில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் அச்சு அசலாக அதே கோட்டில். வண்டியின் மூக்கைச் சரிவில் ஏற்றி நிறுத்திக் காற்றை வெளியேற்றினாள். மூடியை மாற்றினாள். நேற்று வாட்டர் பம்பையே மாற்றினாள். வண்டி சவாரி போய்த் திரும்பியது, மறுபடியும் களக் களக்.

ஒன்பது மணிக்கு நான்கு நர்சுகளை மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட வேண்டும். தினப்படி சவாரி. அதை நம்பித்தான் வண்டியே வாங்கினார்கள். ஒரு நாள் தவறினாலும் சவாரி கைநழுவிப் போய்விடும்.

அந்தக் கவலையில் வழக்கத்துக்கு முன்பே பட்டறைக்கு வந்தாள். அங்கே புருஷன் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாக்பீஸ் கோட்டில் வைத்த கண் வாங்காமல், பாட்டிலிலிருந்து தண்ணீரை டப்பாவுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“என்ன பண்றீங்க?”

கையும் களவுமாக மாட்டியவன் விழித்தான். “சும்மா... கொஞ்சம் கொறைஞ்சிருந்துச்சு.”

“எத்தனை நாளா?”

“தினமும்தான். ஒரு டம்ளர்.”

அடப்பாவி மனுஷா!

“உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? நான் பைத்தியக்காரி மாதிரி கோடு போட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன், நீங்க கோடு வரைக்கும் ஊத்தி வெச்சுட்டுப் போறீங்க! நல்ல பம்பைப் பிடுங்கிப் போட்டேனே! தள்ளுங்க!”

ஆறிக் கிடந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்தாள். “ஸ்டார்ட் பண்ணுங்க.” உள்ளே குமிழி கிளம்பியது. ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னாள்; குமிழி பொங்கியது, நிற்கவே இல்லை. எஞ்சினில் எரிகிற புகை தண்ணீருக்குள் வருகிறது. இரண்டையும் கலக்கவிடாமல் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

“இன்னிக்கு மலை ஏறாது. பத்து நாளைக்கு ஏறாது. எஞ்சினைப் பிரிக்கணும். இந்த லட்சணத்துல தினமும் ஏத்தி எறக்கியிருக்கீங்க, எஞ்சின் ஹெட்டே வெடிச்சிருக்கோ என்னவோ! தண்ணி கொறையுதுன்னு வாயைத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?”

தலைகுனிந்திருந்தவன் நிமிர்ந்தான்.

“சொல்லத்தான் வந்தேன். போன வாரம். கஸ்டமருங்க மூணு பேர் நின்னாங்க. ‘தண்ணி’ன்னு ஆரம்பிச்சேன். ‘தண்ணி பாக்கக்கூடத் துப்பில்லாத ஆளுக்கு ஸ்டியரிங் எதுக்குய்யா’ன்னு கேட்ட. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் உன் கண்ணுல படாம நானே ஊத்திக்கிட்டேன்.”

கேட்டாள்தான். கேட்டதை அன்று மத்தியானமே மறந்தும் போயிருந்தாள்.

“வேற என்ன தெரியும் உங்களுக்கு?” கத்தல் இன்னும் குறையவில்லை.

“காலைல பொகை வெள்ளையா வருது. ஒரு மாதிரி இனிப்பு வாடை. ஸ்டார்ட் பண்ணுன உடனே ரேடியேட்டரோட மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆயிடுது.”

மூன்று நாளாக அவள் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடிய அடையாளமெல்லாம் அவன் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் நர்சுகளுக்குச் சொல்ல போனை எடுத்தான். வெடுக்கென்று பிடுங்கினாள்.

“வண்டி வராதுங்க. தப்பு என்னோடது. அவர் போன வாரமே சொல்ல வந்தாரு. நான்தான் நாலு பேர் முன்னாடி அவரை அசிங்கப்படுத்தி வாயை அடைச்சுட்டேன்!”

பஞ்சர் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தித்தான் சொன்னாள்.

“சரிம்மா, நாங்க வேற வண்டி பாத்துக்கறோம்” என்று சொல்லி மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.