ஒன்பதாம் கல்லைத் தொடுமுன்

சனிக்கிழமை அவசரக் கூட்டத்துக்குச் சமுகமளித்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் வருமாறு. ஜன்னலோரத்து நீலக் கதிரையில், மடியில் ஃபைலுடன், பாலர் பள்ளிப் பெற்றோர் சங்கச் செயலாளர் நமசிவாயம். அவருக்கு எதிரே இரண்டு சிவப்புக் கதிரைகளைச் சேர்த்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் பாதியாகத் தலைவர் நவரத்தினம். கரும்பலகைக்குக் கீழே, பிள்ளைகள் கதை கேட்கும் பாயில், சேலையை ஒதுக்கிக்கொண்டு, பொருளாளர் சிவக்கொழுந்து. அந்தக் கதிரைகளை நம்ப அவர் ஆயத்தமாக இல்லை. கதிரைகள் நாலு வயதுக்காரருக்கென்று செய்தவை. அதனால் தலைவருக்கும் செயலாளருக்கும் முழங்கால்கள் நாடி மட்டத்துக்கு வந்திருந்தன.

பெரியவர்கள் இருக்கக்கூடிய ஒரே கதிரை ரீச்சருடையது. அதில் நமசிவாயத்தின் மகள் கௌரி முந்திக்கொண்டு ஏறிவிட்டாள். தாய்க்கு வேலை நாள், வீட்டில் பார்க்க ஆளில்லை என்று கூட்டிவரப்பட்டவள். கால்களை ஆட்டிக்கொண்டு, தானே தலைமை தாங்குவதுபோல எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இமெல்டா ரீச்சர் நின்றார். விசாரிக்கப்படுகிறவர் நிற்கவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இருக்கும்படியும் ஒருவரும் சொல்லவில்லை. மேல்மாடி பல்கனியில், கீழ்த்தளத்தைப் பள்ளிக்கு வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர் ஹெக்டர் இருந்தார். அவருக்கு அழைப்பில்லை. ஆனால் அவருடைய இருமல் தொடக்கத்திலிருந்தே கூட்டத்தில் கலந்துகொண்டது.

விசாரணைக்குரிய பொருள் வெளியே முற்றத்தில் நின்றது. அது முற்றம் கூட்டித் தேய்ந்த ஒரு பழைய தும்புத்தடியின் நீளப் பிடி.

மே மாதத் தொடக்கத்தில் இமெல்டா ரீச்சர் அதை முற்றத்தின் நடுவில் நட்டார். வெயில் எப்படி நடக்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். மணிக்கொரு தரம் பிள்ளைகள் ஓடிப்போய், தடியின் நிழல் முடிகிற இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்தார்கள். கல்லில் பெயின்ற்றால் எண் எழுதினார்கள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எட்டாம் கல் மதிலடியில் தூரத்தில் கிடந்தது; பன்னிரண்டாம் கல் தடியின் காலடியில் ஒடுங்கிக் கிடந்தது. "நிழலுக்குப் பசி ரீச்சர், அதுதான் மெலியுது" என்று ஒருத்தன் கண்டுபிடித்தான். ஏட்டில் ஆனா ஆவன்னா எழுதக் கையைப் பிடித்து இழுக்கவேண்டிய பிள்ளை, ஒன்பது என்று கல்லில் தானாக எழுதிவிட்டு வந்து காட்டியது. அன்று பஸ்ஸில் கொச்சிக்கடைக்குத் திரும்பும்போது, இருக்க இடம் கிடைக்காததுகூட இமெல்டாவுக்குத் தெரியவில்லை.

கொழும்புக் காலி வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த நவரத்தினம், பந்து பட்டுக் கல் உருளுகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு பை சீமெந்துடன் வந்து தடியையும் கற்களையும் தன் கையாலேயே பதித்துவிட்டுப் போனார். தன் பெயரையும் ஒரு மூலையில் எழுதலாமா என்று கேட்டார். ரீச்சர் சிரித்துச் சமாளித்தார்.

பிறகுதான் அரசாங்கம் நேரத்தை மாற்றியது. தொண்ணூற்றாறில் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கொழும்பே விசிறிமட்டையோடு இருந்த காலம். வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க, நாட்டின் மணிக்கூடுகளை எல்லாம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். எல்லோரும் தள்ளினார்கள். வன்னியில் புலிகள் மட்டும் தள்ளவில்லை. சீமெந்தில் பதித்த தும்புத்தடியும் தள்ளவில்லை.

அன்றிலிருந்து வில்லங்கம். பன்னிரண்டு மணிக்குத் தாய்மார் வந்து கூப்பிட்டால் பிள்ளைகள் முற்றத்தைக் காட்டி, "இன்னும் பதினொண்டுதான், நீங்கள் ஏன் இப்பவே வந்தனீங்கள்?" என்று அழுதார்கள். அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். வியாழக்கிழமை நடந்ததைச் சமாளிக்க முடியவில்லை. பள்ளி விட்டு நமசிவாயம் மகளைக் கூட்டிவரும் வழியில், காலி வீதிச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் கௌரியின் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பார்த்துவிட்டு, கன்னத்தைத் தட்டி, "பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்கோ?" என்று சிங்களத்தில் கேட்டான். கடைக்காரரிடம் கற்ற சிங்களத்தில் கௌரி தெளிவாகச் சொன்னாள்: உங்கள் மணிக்கூடு பிழை, எங்கள் பள்ளிக்கூடத்தில் பழைய நேரம்.

அவன் சிரித்தான். பக்கத்திலிருந்தவனைக் கூப்பிட்டு அவனுக்கும் சொன்னான். மற்றவன் சிரிக்கவில்லை. நமசிவாயத்தின் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடம் யாழ்ப்பாணப் பக்கத்துச் சாவகச்சேரி என்று இருந்த பக்கத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டான்.

கதை பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுவதும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மேல்மாடியிலிருந்து ஒரு காகிதத் துண்டு இறங்கியது. ஹெக்டர் கப்பல் கொம்பனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாய்ப்பேச்சை அவர் ஏற்பதில்லை. பேக்கரியிலிருந்து வரும் பாண்காரனுக்காகக் கயிற்றில் கட்டி வைத்திருந்த பிரம்புக் கூடையில்தான் அவருடைய கடிதப் போக்குவரத்து எல்லாம். துண்டில் இருந்தது இவ்வளவுதான்: என் முற்றத்தில் நாட்டியிருக்கும் பொருள் என்ன? அது யாருடைய நேரத்தைக் காட்டுகிறது? நாளை காலை பதினொரு மணிக்குமுன் எழுத்தில் பதில் தேவை. பதில் திருப்தி தராவிட்டால் முற்றத்துக்குப் பூட்டுப் போடப்படும்.

நமசிவாயம் தொண்டையைச் செருமினார். "பதில் நான் ராத்திரியே எழுதிப்போட்டன். கையெழுத்து வைச்சு அனுப்புறதுதான் மிச்சம்." ஃபைலைத் திறந்து, தான் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். மேற்படி பொருள் இன்றே அகற்றப்படும். மேற்படி கற்கள் உடைக்கப்படும். மேற்படி ஆசிரியை இனிமேல் முற்றத்து விளையாட்டுக்களை நிறுத்தி எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றோடு நின்றுகொள்ளப் பணிக்கப்பட்டுள்ளார்.

மூன்று மேற்படியில் தானும் ஒன்றாகிப்போனதை இமெல்டா கேட்டுக்கொண்டு நின்றார். "சேர், அப்பிடியெண்டா திங்கக்கிழமை நான் வரமாட்டன்" என்றார். இந்த வேலையை விட்டால் போக ஒரே இடம்தான் இருந்தது: பெரியப்பா ஒஸ்வால்டின் வெங்காயக் கிட்டங்கி. அங்கே முன்பு ஒரு வருடம் பில் அடித்தவர். தலைமயிரில் ஏறிய மணம் போக இன்னொரு வருடம் பிடித்தது.

"ரீச்சர், கோவிக்காதேங்கோ" என்றார் நமசிவாயம். "தடியில எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆமிக்காரன் என்ர ஐசியைத் திருப்பித் தரும்வரைக்கும் இவள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். கை வேர்த்தது ஆருடையது எண்டு எனக்குத்தான் தெரியும்."

இமெல்டா கதிரையில் இருந்த கௌரியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனால் உடைக்கேலாது" என்றார் நவரத்தினம் திடீரென்று.

"என்னண்ணை?"

"கல்லை. ஒண்டுக்கு ஒண்டு கலந்தனான். மண்ணும் சீமெந்தும் சரிக்குச் சரி. பாலம் கட்டுறவனே அப்பிடிக் கலக்கமாட்டான். அலவாங்கு போட்டால் ஹெக்டற்ர முற்றம் பேரும், கல்லுப் பேராது."

"பிள்ளையள் வைச்ச அஞ்சு கூழாங்கல்லுக்கு ஏன் அண்ணை அவ்வளவு சீமெந்து?"

"பை உடைச்சாச்சு. மிச்சத்தை வைச்சிருந்தால் இறுகிப்போயிடும்."

"சரி, உடைக்கிறதைப் பிறகு பார்ப்பம். முதல்ல கடிதம் போகட்டும்" என்று நமசிவாயம் பேனையின் மூடியைக் கழற்றினார்.

"வையும் தம்பி பேனையை!" பாயிலிருந்து சிவக்கொழுந்து கத்திய கத்தலில் கௌரியின் கால் ஆட்டம் நின்றது. "இண்டைக்குச் சனிக்கிழமை. ஒன்பதிலயிருந்து பத்தரை மட்டும் ராகுகாலம். இப்ப ஒன்பது அடிச்சுப்போட்டுது. ராகுகாலத்தில கையெழுத்து வைச்சு அனுப்பி, முற்றத்தோட பள்ளிக்கூடமும் போகவோ? என்ர ரெண்டும் பிறகு எங்க போறது?" ரெண்டு என்றது அவருடைய இரட்டையர்களை.

நமசிவாயம் அவசரத்தில் இருந்தார். அவசரத்தில் மனிதன் உண்மை பேசிவிடுகிறான். "அக்கா, நீங்கள் ஒண்டு. அது பழைய நேரத்துக்கு ஒன்பது. புது நேரத்துக்குப் பத்துக்குத்தான் ராகு தொடங்கும். இன்னும் நேரம் கிடக்கு."

சிவக்கொழுந்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"ராகு பழைய நேரமோ சேர்?" என்று இமெல்டா கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. வேதக்காரி, ஞாயிறு பூசைக்குப் போகிறவர், அவருக்கு உண்மையாகவே தெரியாது.

"பின்ன? ராகுகாலம் சூரியன் உதிக்கிறதிலயிருந்து எண்ணுறது. அரசாங்கம் மணிக்கூட்டை மாத்தலாம். சூரியனை மாத்த ஏலு..."

ஏலுமோ என்று முடிக்கவேண்டியவர் முடிக்கவில்லை. தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே கேட்டுவிட்டது.

"அப்பாவும் பழைய நேரம்" என்றாள் கௌரி, கதிரையிலிருந்து.

"உஷ்!"

நவரத்தினத்தின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. இரண்டு சிவப்புக் கதிரைகளும் விலகி, நடுவில் தலைவர் இறங்கிவிட்டார். அவரைத் தூக்கி நிறுத்துவதில் கூட்டத்தின் கொஞ்ச நேரம் செலவாயிற்று. அந்தச் செலவு சிவக்கொழுந்துக்குப் புதிய கவலையைக் கொடுத்தது. இப்போது சரியாக எத்தனை மணி? நமசிவாயத்தின் கைமணிக்கூடு ஒன்று சொன்னது. நவரத்தினத்தினது வேறொன்று சொன்னது. சுவர் மணிக்கூடு, நேரம் மாற்றிய நாளில் ஸ்ரூலில் ஏறி முள்ளைத் தள்ளியபோது குழம்பிப்போய், அன்றிலிருந்து நினைத்தபோது ஓடியது.

"எனக்கு இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம்" என்று சிவக்கொழுந்து எழுந்தார். "வாங்கோ தடியைப் பார்ப்பம்."

எல்லோரும் முற்றத்துக்குப் போனார்கள். செயலாளர்தான் முதலில் குந்தினார். தடியின் நிழல் எட்டாம் கல்லை விட்டு வெகுதூரம் வந்து, ஒன்பதாம் கல்லுக்கு ஒரு சாண் இருக்க நின்றது. நமசிவாயம் சாணை விரித்து இரண்டு தரம் அளந்தார். "காணும்" என்றார் நிம்மதியாக. "கல்லைத் தொடமுதல் அனுப்பிப்போடலாம்."

"அனுப்பலாம்" என்றார் சிவக்கொழுந்து. "இதைப் பிடுங்கப்போறம் எண்டு, இதையே பார்த்து நேரம் வைச்சு அனுப்பலாம். வாற சனி நல்லது கெட்டதுக்கு நீர் எங்க போய்ப் பார்ப்பீர் தம்பி?"

நமசிவாயம் குந்தியபடியே கடிதத்தைப் பார்த்தார், தடியைப் பார்த்தார். இமெல்டா அவருக்குப் பக்கத்தில் குந்தினார். பிள்ளைகளோடு பேசிப் பழகியவர் என்பதால் அது அவருக்கு இயல்பாக வந்தது.

"சேர், நீங்க பயப்பிடுறது சரி. பிள்ளை திரும்பவும் றோட்டில நேரம் சொல்லக்கூடாது. அதுக்குத் தடியைப் பிடுங்கத் தேவையில்ல. எண்ணைத்தானே பிடுங்கவேணும்? எண்ணுக்கு மேல பெயின்ற் பூசிப்போட்டுப் படம் கீறுவம். எட்டில ஒரு சப்பாத்து. ஒன்பதில பால் கோப்பை. பத்தில பந்து. பதினொண்டில வீடு, இப்ப அந்த நேரத்திலதானே அம்மாமார் வாறாங்க. பன்னிரண்டில பாய் தலையணை. பிறகு ஆர் கேட்டாலும் பிள்ளை என்ன சொல்லும்? நிழல் வீட்டில நிக்குது, நான் வீட்டுக்குப் போறன் எண்டு சொல்லும்."

"அதில பழசும் இல்லை புதுசும் இல்லை" என்றார் நவரத்தினம் மெச்சி. "பெயின்ற் என்ர செலவு."

நமசிவாயம் மகளைக் கூப்பிட்டார். "கௌரி, இஞ்ச வா. இந்தக் கல்லில பால் கோப்பை கீறினால், நிழல் இதில வரேக்க என்ன நேரம்?"

கௌரி அப்பாவை இரக்கத்தோடு பார்த்தாள். "பால் குடிக்கிற நேரம்."

அவர் ராத்திரி எழுதிய கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஃபைலை முழங்காலில் போட்டு, புதுத் தாளில் எழுதத் தொடங்கினார். முதல் வரியிலேயே தடக்கியது. மணிக்கூடு என்று எழுதமுடியாது. தடி என்று எழுதினால் மரியாதையில்லை. இந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து வெயிலை மூடியது. நிழலைக் காணவில்லை.

"ஐயோ, இப்ப ராகு தொடங்கிச்சோ இல்லையோ?"

"மூடினால் ராகுவுக்கும் தெரியாது அக்கா. எழுத விடுங்கோ."

எழுதினார். மேற்படி பொருள் பிள்ளைகள் நிழல் பார்க்கும் கம்பம். அது சூரியனைத் தவிர ஒருவருடைய நேரத்தையும் காட்டாது. அதிலுள்ள எண்கள் திங்கட்கிழமை படங்களாக மாற்றப்படும். அப்புறம் பேனையை எடுத்து, கொஞ்சம் யோசித்து, மேற்படி ஆசிரியை தம் பணியை முன்போலவே தொடர்வார் என்று ஒரு வரி சேர்த்தார். இமெல்டா அவருடைய தோளுக்கு மேலால் அதை வாசித்தார். வாசித்து முடித்தபோது வெயில் திரும்பி வந்தது.

ஒன்பதாம் கல்லுக்கு இரண்டு விரல்தான் இருந்தது.

"ஒட்டுங்கோ, ஒட்டுங்கோ!" இமெல்டா உள்ளே ஓடிப்போய்ப் பிள்ளைகளின் மாப்பசைப் போத்தலைக் கொண்டுவந்தார். நமசிவாயம் கையெழுத்து வைத்தார், நவரத்தினம் வைத்தார், சிவக்கொழுந்து கிழக்கே பார்த்துத் திரும்பி நின்று வைத்தார். கடித உறையில் பசை கூடிப்போய்ச் செயலாளரின் பெருவிரலும் சேர்ந்து ஒட்டியது, பிய்த்து எடுத்தார். கூப்பிடாமலே மேலிருந்து கூடை இறங்கிக்கொண்டிருந்தது.

கடிதத்தைக் கூடையில் வைத்தார்கள். கயிறு இறுகியது. ஹெக்டருக்கு முதுகுவலி, கூடை ஆறுதலாக, பாண் ஏறும் வேகத்தில் ஏறியது.

"இழுங்கோ ஐயா" என்று நமசிவாயம் தனக்குள் முணுமுணுத்தார்.

"கையை விட்டால் அனுப்பினமாதிரித்தான்" என்று சிவக்கொழுந்து தீர்ப்புச் சொன்னார், ஆனால் கண்ணை நிழலிலிருந்து எடுக்கவில்லை. கௌரி கல்லுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தை நிலத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்லை... இன்னும் இல்லை..."

கூடை பல்கனிக் கம்பியைத் தாண்டி உள்ளே போனது.

"தொட்டிட்டுது!" என்று கத்தினாள்.