பஸ் கூட்டம் விதைத்த மல்லாட்டை

ஆதிகேசவன் அம்பிகாவுக்குப் பெரியப்பா மகன்தான். அதற்காக வாய்க்கு வந்ததைப் பேசலாமா? "சித்தப்பாவும் போய்ட்டாரு. பொம்பளைங்க மூணு பேர் பயிர் வெச்சுக் கிழிக்கப் போறீங்களா?" என்று ஊரார் முன்னால் கேட்டான். அம்பிகாவின் அம்மா பட்டம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்த மழைக்கு மல்லாட்டை போடலேன்னா பாட்டன் நெலத்தை நீயே எடுத்துக்கடா!" என்று சொல்லிவிட்டாள். வாய் சும்மா இருந்ததா!

மழை பெய்தது. வேர்க்கடலை விதைக்க டிராக்டர் வைத்து உழுதாயிற்று. அதன் பிறகுதான் ஆதிகேசவன் விழித்துக்கொண்டான். மாதனூர்ப் பக்கம் ஒருத்தியும் கூலிக்கு வராதபடி செய்துவிட்டான், படுபாவி. மண்ணில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. அம்பிகாவுக்கும் தங்கை குணசுந்தரிக்கும் ஷூ கம்பெனியில் வேலை. லீவு ஞாயிறு மட்டும்தான். இரண்டு ஏக்கருக்கு மூன்று பேர் எந்த மூலைக்கு?

சனிக்கிழமை கம்பெனி பஸ்ஸில் அம்பிகா அழுதேவிட்டாள்.

"அட, இதுக்கா பேஜார்? நாங்க இத்தினி பேர் எதுக்கு இருக்கோம்?" என்று பக்கத்து சீட்டு உமைமா எழுந்து நின்று விஷயத்தை பஸ் முழுக்கச் சொன்னாள். ஆளாளுக்கு "நான் வர்றேன்" என்றார்கள். முன் சீட்டில் இருந்த ஆதிகேசவன் பெண்டாட்டி கோமளா மட்டும் திரும்பியே பார்க்கவில்லை. அண்ணி வீட்டுக்குப் போனதும் வத்தி வைத்துவிடுவாள் என்று அம்பிகாவுக்குத் திக்கென்றது.

ஞாயிறு விடிந்ததும் ஷேர் ஆட்டோக்கள் வந்து வந்து ஆளை இறக்கின. நிலம் திருவிழா கண்டது. உமைமா வீட்டிலிருந்து ஒரு அண்டா குஸ்கா வந்தது. "லைன் நேரா வரட்டும்டி, இல்லேன்னா ரிஜெக்ட் பண்ணிடுவேன்!" என்று அவள் சூப்பர்வைசர் குரலில் கத்த, களைக்கொட்டால் விதைக்குழி போட்டுக்கொண்டு குனிந்திருந்தவர்கள் சிரித்துச் சிரித்து மாய்ந்தார்கள். அம்பிகாவுக்கு அப்பா போன பிறகு இவ்வளவு சந்தோஷம் இதுவே முதல் தடவை.

வெயில் ஏறியதும் ஆதிகேசவன் பைக்கில் வந்தான். பின்னால் மனை வாங்கும் ஆள்.

"காலி நெலம்னு சொன்னீங்களே?"

முகத்தில் துண்டு கட்டியிருந்த ஒருத்தி நிமிர்ந்து துண்டை அவிழ்த்தாள். கோமளா!

"அண்ணி, நீயா!" என்று அம்பிகா ஓடிப்போய் கட்டிக்கொண்டாள்.

"நானும் இந்தக் குடும்பத்துப் பொம்பளதானேடி" என்ற கோமளா புருஷன் பக்கம் திரும்பினாள். "இன்னாய்யா பாக்குறே? வூட்ல சோறு ஆக்கலே. இங்கதான் சாப்பாடு. வேலை செஞ்சாத்தான் போடுவாங்க. செருப்பைக் கழட்டிட்டு எறங்கு, வெதை வெச்ச மண்ணு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பட்டம்மாள் விதைக் கூடையை நீட்டினாள்.

ஆதிகேசவன் செருப்பைக் கழற்றினான்.