அனுமதியில்லாத பக்கம்

வேலையில் சேர வருகிறேன் என்று நான்கு மணிக்குள் இன்டர்நெட்டில் பதிவு செய்யாவிட்டால் டெக்னோபார்க் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை வேறு யாருக்காவது போய்விடும். மணி மூன்று. சாவித்ரி எத்தனை முறை தட்டினாலும் திரையில் வந்தது ஒரே வரிதான்: இந்தப் பக்கத்துக்கு அனுமதியில்லை. சமையல் குறிப்பு திறந்தது, பஞ்சாங்கம் திறந்தது. வேலை சம்பந்தப்பட்ட பக்கம் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

இது மாமனார் சாம்பசிவன் வேலைதான், சந்தேகமே இல்லை. மருமகள் சம்பாதிக்கப் போவது பிடிக்காத மனிதர். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம், "உங்க புத்தி எனக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டுச் செருப்பை மாட்டினாள். கிழவர் திருதிருவென்று விழித்தார்.

தெருமுனையிலேயே பிரவுசிங் சென்டர் இருந்தது. நுழையவில்லை. கோபம் அவளை நேரே ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு இழுத்துப்போனது. அவள் வீடு இருந்த கோட்டைப் பகுதியில் நாலைந்து தெருவுக்குக் கேபிளில் இன்டர்நெட் கொடுக்கும் வீரபாண்டி, அங்கே ஒரு மொத்தக்கடையின் மாடியில் உட்கார்ந்திருந்தான்.

"யார் சொல்லி எங்காத்து லைனை பிளாக் பண்ணினேள்?"

"கஸ்டமர் சொன்னா செய்யணும் அல்லே சேச்சி?"

"அப்போ நான் யாராம்?"

"நீங்க யூஸ் பண்ணுற ஆளாக்கும். கஸ்டமர் வேற." அவன் இளித்தான். "நீங்க என்னெல்லாம் நோக்குறீங்கன்னு வாராவாரம் லிஸ்ட் போகுது. திங்கக்கிழமை லேடீஸ் ஹாஸ்டல் வாடகை நோக்குனீங்க, சரிதானே?"

இந்த ஆள் இத்தனை நாளாகத் தன் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்திருக்கிறான். ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது.

"லிஸ்டைக் காட்டுங்கோ. இல்லேன்னா ஒவ்வொரு ஆத்துப் படியா ஏறி, உங்காத்துப் பொண்ணுகள் பாக்கறதையெல்லாம் வீரபாண்டி படிக்கறான்னு சொல்லிடுவேன்."

அவன் முகம் செத்துப்போனது. திரையைத் திருப்பினான். லிஸ்ட் போன இமெயில் முகவரி மாமனாருடையது அல்ல. மஸ்கட்டிலிருக்கும் அவள் கணவன் கேசவுடையது. தைரியமா அப்ளை பண்ணு, அப்பாவை நான் பாத்துக்கறேன் என்று போனில் குழைந்தவன். வீரபாண்டிக்கு அனுப்பிய மெயிலில் அடைக்க வேண்டிய பக்கங்களை வரிசையாக எழுதி, அப்பாவுக்கும் சொல்ல வேண்டாம் என்று முடித்திருந்தான். கிழவர்மேல் கொட்டிய வார்த்தை அவள் நெஞ்சைக் குத்தியது.

அழ நேரமில்லை. மணி மூன்றே முக்கால்.

"எழுந்திருங்கோ" என்றாள்.

வீரபாண்டி நாற்காலியை விட்டு எழுந்தான். அவனுடைய கம்ப்யூட்டரில் எந்தப் பக்கத்துக்கும் தடை இல்லை. சாவித்ரி உட்கார்ந்து, வருகிறேன் என்று பதிவு செய்தாள்.

"இந்த வார லிஸ்ட்ல இதையும் சேத்து அனுப்புங்கோ" என்றாள். "கஸ்டமர் அவர்தானே."